கண்டிப்பாக, நான்கு விதமாக

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயில். எதிர் இருக்கையில் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண். கைபேசியைப் பார்ப்பதும் கண்ணை மூடி முணுமுணுப்பதுமாக வந்தாள். “கித்தோ, கண்டிப்பாக. கனராஜு, கண்டிப்பாக. ஜெஹி, கண்டிப்பாக. ஜெத்தாய், கண்டிப்பாக.” அண்ணனூர் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து.

ஜன்னலோரம் இருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியின் க்யூசியில், அதாவது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ‘நாலும் ஒண்ணுதான்னா ஜப்பான்காரன் எதுக்கும்மா நாலு வச்சிருக்கான்?’ என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது. பெண் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். அதன் பிறகு சென்ட்ரல் வரும்வரை அவர் உட்கார்ந்திருந்தது ரயிலில் அல்ல, தொண்ணூறுகளின் ஒரு மாலை வகுப்பில்.

பாடியிலிருந்து அம்பத்தூர்வரை அப்போது ஜப்பான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டுக்கு ஷெட் சுவரில் ‘செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே’ என்று ஐந்து எஸ் பலகை தொங்கும். 1998-ல் பாடி சுந்தரம் கிளேட்டனுக்குத் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு கிடைத்தது. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் 1951 முதல் கொடுத்துவரும் அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். பிறகு 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் லூகாஸ் டிவிஎஸ் என்று அதே வட்டாரத்துப் பெயர்களே வரிசை கட்டின. பெரிய கம்பெனிகளைப் பிடித்த ஜுரம் அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கிற சின்னக் கம்பெனிகளையும் தொற்றாமல் விடுமா? முதலாளி ஒருநாள் க்யூசிக்கே வந்து, “உங்கள்ல ரெண்டு பேரு ஜப்பான் பாஷை கத்துக்கணும்பா, ஃபீஸ் நான் கட்டறேன்” என்றார். கல்யாணம் ஆகாதவர்கள் என்ற ஒரே தகுதியில் இரண்டு பேர் தேர்வானார்கள். அவர்களில் ஒருவர் இவர்.

சென்னையில் ஜப்பானிய மொழி என்றால் அன்றும் இன்றும் பலர் சொல்லும் பெயர் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். வெளிநாட்டுத் தொழில்நுட்பக்காரர்களை அழைத்துப் பயிற்சி தருவதற்காக 1959-ல் ஜப்பானில் தொடங்கிய அமைப்பு ஏஓடிஎஸ். அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கம்தான் தோசோகாய். பாடப்புத்தகமும் பயிற்சி பெற வருபவர்களுக்கென்றே ஏஓடிஎஸ் தயாரித்த ‘ஷின் நிஹொங்கோ நோ கிசோ’. மல்லிகையும் மலையும் பற்றிய பாடங்கள் அல்ல. தொழிற்சாலை, விடுதி, சாப்பாட்டுக்கூடம், பழுதான மெஷின். அசல் புத்தகத்தின் விலையைக் கேட்டவர்கள் ஜெராக்ஸ் கடைப் பக்கம் திரும்புவார்கள். கேசட்டை வாங்கி, வீட்டில் டேப்ரிக்கார்டர் இருக்கும் நண்பன் தயவில் இன்னொரு கேசட்டில் பதிந்துகொள்வார்கள். பின்னணியில் நண்பனின் பாட்டி யாரையோ திட்டும் குரலும் பதிந்துவிடும்.

ஷிஃப்ட் முடிந்து ஓடி வருவார்கள். கையில் கூலன்ட் வாசனை, சட்டைப்பையில் வெர்னியர். வகுப்பில் பெண்கள் ஒருவரோ இருவரோ.

முதல் சில மாதங்கள் தமிழர்களுக்கு ராஜபாட்டை. வினைச்சொல் கடைசியில் வரும். ‘ஐ’ வரும் இடத்தில் ‘ஓ’, ‘க்கு’ வரும் இடத்தில் ‘நி’, கேள்வி கேட்க ‘ஆ’ போடுகிற இடத்தில் ‘கா’. ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த ஆசிரியர், “நீங்க தமிழ்ல நினைச்சு வார்த்தையை மட்டும் மாத்துங்க, மிச்சத்தை அது பார்த்துக்கும்” என்பார். உண்மையிலேயே அது பார்த்துக்கொண்டது. வினையடைகள் வரும்வரை.

வினையடை என்றால் பள்ளிக்கூடத்தில் ‘மெதுவாக’, ‘வேகமாக’ என்று இரண்டு உதாரணத்தோடு முடித்துவிட்ட சமாசாரம். ஜப்பானியத்தில் அது ஒரு தனி ராஜ்ஜியம். அதிலும் ஒரு வகை, வாக்கியத்தின் முன்பகுதியில் நின்றுகொண்டு கடைசி வினை எப்படி முடிய வேண்டும் என்று கட்டளை போடும். யமதா யோஷியோ என்ற இலக்கண அறிஞர் இந்த வகைக்கு ‘சின்ஜுத்சு ஃபுகுஷி’ என்று பெயர் வைத்தார். பள்ளி இலக்கணத்தில் அதையே ‘கோஓ’ என்ற சொல்லால் குறிப்பார்கள். கூப்பிட்டால் பதில் குரல் வர வேண்டும் என்று பொருள். ‘அமாரி’ என்று தொடங்கினால் முடிவில் எதிர்மறை வந்தாக வேண்டும். தமிழில் ‘அவ்வளவா’ என்று தொடங்கினால் ‘பிடிக்காது’, ‘தெரியாது’ என்று முடிப்போமே, அதேதான். ‘ஜென்ஜென் வகரிமாசென்’ என்பது அச்சு அசல் ‘சுத்தமா புரியல’. இந்த ‘ஜென்ஜென்’னுக்கு எதிர்மறை வேண்டும் என்று புத்தகம் அடித்துச் சொல்லும். இன்றைய ஜப்பான் இளைஞர்களோ ‘ஜென்ஜென் தைஜோபு’, அதாவது ஒரு பிரச்சினையும் இல்லை என்று உடன்பாட்டில் சொல்லித் திரிகிறார்கள். காலம் கெட்டுவிட்டது என்று அங்கேயும் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. 1906-ல் வெளிவந்த நத்சுமே சோசெகியின் ‘போச்சான்’ நாவலிலேயே ‘ஜென்ஜென்’ உடன்பாட்டில் வந்திருப்பதைக் காட்டினால் சுளித்த முகம் கொஞ்சம் தளரும்.

ஆசிரியர் இதைச் சொல்லிக்கொடுத்த விதம் அவருக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கரும்பலகையின் இடது கோடியில் வினையடையை எழுதுவார். வலது கோடியில் வாக்கியத்தின் வாலை எழுதுவார். நடுவில் பெரிய காலியிடம். “ரெண்டையும் ஜோடியா மனப்பாடம் பண்ணுங்க, நடுவுல உங்க கம்பெனிக் கதையை எழுதுங்க.” தனிச் சொல்லாக ஒரு வினையடையையும் அவர் எழுதிப் போட்டதில்லை.

‘மோ’, ‘மதா’ என்ற ஜோடியைக் கற்றது வகுப்பில் அல்ல, கேன்டீனில். பயிற்சி தர வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவரிடம், பரிமாறுகிற அண்ணன் தினமும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார். அதை ஜப்பானியத்தில் எப்படிக் கேட்பது என்று இவர்களிடம் விசாரித்து, “மோ தபெமாஷ்தா கா?” என்று கேட்கப் பழகிக்கொண்டார். ‘மோ’ என்றால் ‘ஆச்சு’. இன்னும் ஆகவில்லை என்றால் ‘மதா தெஸ்’, இன்னும் இல்லை. வகுப்பில் நன்றாகப் படித்த பட்டதாரிகள் இங்கேதான் சறுக்குவார்கள். கேள்வி இறந்தகாலத்தில் இருக்கிறதே என்று ‘தபெமாசென் தெஷ்தா’ என்பார்கள். அதற்கு, வேளை கடந்துவிட்டது, சாப்பிடாமலே விட்டுவிட்டேன் என்று பொருள் வந்துவிடும். கேட்டவர் பதறுவார். இங்கிலீஷ் வழியாகப் போனவர்கள் தடுக்கி விழுந்த இடத்தில், எட்டாவதுவரை படித்த கேன்டீன் அண்ணன் தமிழ் வழியாக நேரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. ‘கண்டிப்பா’ அப்படி ஓர் இடம். ‘கண்டிப்பா வீட்டுக்கு வாங்க’ என்கிறோம்; அது விருப்பம், வேண்டுகோள். அங்கே ‘ஜெஹி’. ‘கண்டிப்பா மழை வரும்’ என்கிறோம். அது நம் மனசின் நம்பிக்கை. அங்கே ‘கித்தோ’. ‘மெஷினை அணைக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா இதைப் பாக்கணும்’ என்பது விதி, தவறக் கூடாதது. அங்கே ‘கனராஜு’. ‘கண்டிப்பா வரமாட்டேன்’ என்பதில் எதிர்மறை வந்துவிட்டதால் ‘கனராஜு’ ஒதுங்கிக்கொள்ளும். ‘ஜெத்தாய்’ வர வேண்டும். நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, குரலிலும் வினைமுற்றிலும் வித்தியாசம் காட்டிவிடுகிறோம். அவர்கள் அந்த வித்தியாசத்தை வாக்கியத்தின் வாசலிலேயே அறிவித்துவிடுகிறார்கள். சரக்கு வெள்ளிக்கிழமை வந்து சேருமா என்று ஜப்பானிலிருந்து கேட்டால் ‘கித்தோ’ என்று பதில் எழுதக் கூடாது. வரும் என்று நம்புகிறேன் என்கிற தொனி அதில் இருக்கிறது. ‘கனராஜு’ என்றால்தான் வாக்கு.

பதில் எழுதுவது என்றால் ஃபேக்ஸ். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 5 மணிக்கு அலுவலகம் முடிகிறது என்றால் இங்கே பகல் 1.30. எனவே காலை டீக்கு முன்பே ஃபேக்ஸ் மெஷின் சுருள் சுருளாகத் தாளைத் துப்பியிருக்கும். அந்த வழுவழுத்தாளில் எழுத்து நாளாக நாளாக வெளுத்துவிடும் என்பதால் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது ஒரு சடங்கு. அந்தத் தாள்களில்தான் அவர் வினையடைகளை உண்மையில் படித்தார்.

அவற்றில் ஒன்று ‘இச்சியோ’. பார்த்துவிட்டேன், ஆனால் முழுசாக உறுதி சொல்ல மாட்டேன் என்று தப்பிக்க இடம் விடும் சொல். தமிழில் ‘ஏதோ ஒரு பார்வை பாத்துட்டேன்’. ஜப்பானியர்கள் தங்களுக்குள் அடக்கமாகவும் அதைச் சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஓர் இளம் பொறியாளர், ஆடிட்டுக்கு வந்தவரிடம் “இச்சியோ ஷிராபெமாஷ்தா” என்று மிடுக்காகச் சொன்னார். சோதித்துவிட்டோம் என்று சொன்னதாக நினைப்பு. வந்தவர் தலையாட்டிவிட்டு, அந்த லாட் முழுவதையும் மறுபடி அளக்கச் சொன்னார். க்யூசியே அன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பொறியாளருக்கு ‘இச்சியோ’ என்றே பட்டப்பெயர் நிலைத்தது.

இன்னொன்று ‘கிரிகிரி’. 25 மில்லிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 0.02 வரை இருக்கலாம் என்பது வரைபடம். அளந்தால் 25.02. நம் கணக்கில் பாஸ். அவர்கள் முகம் சுருங்கி ‘கிரிகிரி’ என்பார்கள். விளிம்பில் நிற்கிறது, கீழே விழவில்லை, அவ்வளவே. ஆட்டம் காணும் பாகத்துக்கு ‘கதகதா’. நம் ஃபிட்டர்கள் ‘லொடலொடன்னு ஆடுது’ என்பதுபோல. மேற்பரப்பு ‘ஜராஜரா’ என்றால் சொரசொரப்பு. ‘த்சுருத்சுரு’ என்றால் வழவழப்பு. சிதறிக் கிடப்பதைச் சொல்லும் ‘பராபரா’வோடு ஒட்டிப் பிறந்த ‘பராத்சுகி’தான் தரக் கட்டுப்பாட்டுப் புள்ளியியலில் அளவுகளின் சிதறலைக் குறிக்கும் கலைச்சொல்லே. ரிஜெக்‌ஷன் குறைகிறது என்று அறிக்கை எழுதினாலும் கேள்வி வரும்: ‘தந்தன்’ குறைகிறதா, ‘தொந்தொன்’ குறைகிறதா? முதலாவது படிப்படியாக. இரண்டாவது மளமளவென்று. தவறான சொல்லைப் போட்டால் அடுத்த மாதம் கணக்குக் கேட்பார்கள்.

இந்த ‘மளமளவென்று’ ஒரு விசித்திரம். சட்டென்று, பளிச்சென்று, தடாலென்று, கிடுகிடுவென்று. ஒலிக்குறிப்பை முன்னால் வைத்து, ஒருவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது போடுகிற அதே ‘என்று’வைப் பின்னால் ஒட்டி வினையடை செய்கிறோம். ஜப்பானியத்தில் ‘என்று’வுக்கு ‘தோ’. அவர்களும் ‘ச்சான்-தோ’, ‘கிச்சின்-தோ’, ‘பத்-தோ’ என்று அதையே ஒட்டுகிறார்கள்! முதலில் சொன்ன இரண்டும் ஒழுங்காக, நேர்த்தியாக. மூன்றாவது நம் ‘சட்டென்று’. இதை வகுப்பில் கண்டுபிடித்த அன்று ஏதோ புதையல் கிடைத்ததுபோல் இருந்தது.

இதே பரவசத்தைப் பெரிய அளவில் அனுபவித்தவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. தோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பழைய ஜப்பானிய மொழி அறிஞர். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று 2008-ல் இறக்கும்வரை வாதாடினார். சென்னையில் பொற்கோ, யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அவர் கோட்பாட்டை ஏற்கவில்லை. ‘என்று’ ஒட்டுகிற வழக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட உண்டு. இதை வைத்து ஜப்பானியரைப் பங்காளிகளாக்கிவிட முடியாது. படிக்கிற மாணவனுக்கோ பங்காளியா இல்லையா என்பது முக்கியமில்லை. ‘யுக்குரி’யை ‘மெதுவாக’ என்று எழுதி வைத்து மறந்துபோனவர்கள், ‘நிதானமா, அவசரமில்லாம இருங்க’ என்று விருந்தாளியிடம் சொல்வதோடு சேர்த்துப் படித்தபோது மறக்கவில்லை. ‘வஜவஜா’வுக்கு ‘மெனக்கெட்டு’ என்று ஒருவர் சொன்னபோது ஆசிரியரே மேசையைத் தட்டினார். ‘எங்களுக்காக மெனக்கெட்டு வந்தீங்களே’ என்ற நன்றிக்கும், ‘இதச் சொல்லவா மெனக்கெட்டு வந்தே’ என்ற எரிச்சலுக்கும் இரண்டு மொழியிலும் ஒரே சொல் போதும்.

மரியாதைச் சிக்கலும் உண்டு. ‘நக்கநக்க’ என்று ஒரு சொல். அதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பின் கடைசி வரிசை சிரிக்கும் என்பது தனிக்கதை. எதிர்மறையோடு வந்தால் லேசில் நடக்காததைச் சொல்லும். ‘பஸ் நக்கநக்க வரவில்லை’ என்பது அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் நின்ற யாருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும்: வர மாட்டேங்குது. உடன்பாட்டில் வந்தால் பாராட்டு. ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கும் பாராட்டு, நம் ‘பரவாயில்லையே’ மாதிரி. நாற்பது வருஷம் கடைசல் பிடித்த ஜப்பானிய நிபுணர் ஒருவர் செய்து காட்டிய வேலையைப் பார்த்து, பயிற்சி பெற வந்த ஒருவர் “நக்கநக்க ஜோஜு தெஸ் நே” என்றார். தாத்தாவிடம் ‘பரவாயில்லையே, நல்லாத்தான் பண்றீங்க’ என்று பேரன் சொன்ன மாதிரி ஆயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு இருமல் வந்துவிட்டது. நிபுணர் சிரித்தார், நல்லவர்.

கேசட் போய், ஃபேக்ஸ் போய், பலகையும் போய்விட்டது. சொல்லட்டைச் செயலிகள் வந்துவிட்டன. ஒரு பக்கம் ஜப்பானியச் சொல், தட்டினால் மறுபக்கம் பொருள். பெயர்ச்சொல்லுக்கு இது அருமையான வழி. வினையடைக்கு இதைவிடக் கெட்ட வழி கிடையாது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் படித்தால் நான்கும் ‘கண்டிப்பாக’ என்றுதான் தெரியும். ஆண்டுக்கு இருமுறை, ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் இதைத்தான் குறிவைக்கிறது. என்4 நிலையிலிருந்தே ஒரு பகுதி உண்டு: ஒரு சொல், நான்கு வாக்கியம், அந்தச் சொல் சரியாக உட்கார்ந்திருப்பது எதில்? பொருள் மட்டும் தெரிந்தவர்கள் அங்கே திணறுவார்கள்.

இப்போது ஆவடியில் தன் வீட்டு மாடியில் மாலையில் சிலருக்கு அவர் சொல்லிக்கொடுக்கிறார். அப்போது க்யூசிப் பையன்கள். இப்போது வருவது பெரும்பாலும் நர்சிங் படித்த பெண்கள், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கமிருந்து. தனித்திறன் தொழிலாளர் திட்டத்தில் இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்ட பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. எஸ்டேட்டில் தவறான வினையடைக்கு ஒரு லாட் சரக்கு நின்றது. அங்கே நிற்கப்போவது அதைவிடப் பெரிது.

‘ச்சொத்தோ’ என்றால் ‘கொஞ்சம்’ என்று எல்லோருக்கும் முதல் வாரமே தெரியும். ‘கொஞ்சம் இங்க வாங்க’ என்பதிலும், மறுக்க மனமில்லாமல் ‘அது கொஞ்சம்…’ என்று இழுப்பதிலும் தமிழும் ஜப்பானியமும் ஒன்றாகவே நடக்கின்றன. எண்பது வயது ஜப்பானியப் பாட்டி ‘ச்சொத்தோ இதாய்’, கொஞ்சம் வலிக்குது என்றால் அது கொஞ்சமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. “நம்ம பாட்டியும் அப்படித்தானே சென்செய் (ஆசிரியரே)” என்றாள் ஒரு மாணவி.

அதனால் அவர் பாடத்தில் இப்போது வலிச் சொற்கள்தான் முதலில் வருகின்றன. ‘ஜுகிஜுகி’ என்றால் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. ‘சிக்குசிக்கு’ என்றால் சுருக்கு சுருக்கென்று குத்துவது. ‘ஹிரிஹிரி’ என்றால் தோல் திகுதிகுவென்று எரிவது. முன்பு பார்த்த ‘கிரிகிரி’யின் ‘கி’ இரண்டையும் வல்லினமாக அழுத்திச் சொன்னால் வயிற்றைப் பிடித்து முறுக்குவது. ‘கங்கன்’ என்றால் மண்டையில் சம்மட்டி அடிப்பது. ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகள், விமானம் ஏறுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எங்கே எப்படி வலிக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக ஜப்பானியச் சொல்லை முழு வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் அந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுங்கள்.